குழந்தையின் முதல் பல் டாக்டர் சந்திப்பு: வீட்டில் தொடங்கும் தயாரிப்பு முதல் அடுத்த தேதி வரை

பெரும்பாலான குழந்தைகள் பல் டாக்டரை முதன்முதலில் பார்ப்பது வலியோடுதான். இரவெல்லாம் அழுது, கன்னம் வீங்கி, காலையில் வேறு வழியில்லாமல் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அன்றைக்கு டாக்டர் எவ்வளவு பக்குவமாகக் கை வைத்தாலும் வலிக்கத்தான் செய்யும். அந்த நாற்காலி, மேலே எரியும் விளக்கு, மருந்து வாசனை எல்லாம் வலியோடு சேர்ந்தே மனதில் பதிந்துவிடும். அதற்கப்புறம் "ஒண்ணும் பண்ண மாட்டாங்க, வா" என்று எத்தனை தடவை சொன்னாலும் குழந்தை நம்பாது. அது ஏன் நம்ப வேண்டும்?

அதனால் வலி வருவதற்கு முன்பே, சிகிச்சை எதுவும் தேவைப்படாத ஒரு நாளில், சும்மா பழகுவதற்காக அழைத்துப் போங்கள். இந்த வழிகாட்டியில் மற்றதெல்லாம் அந்த ஒரு நாளை நல்லபடியாக அமைத்துக்கொள்வதற்கான வேலைகள்.

எப்போது போக வேண்டும்?

முதல் பல் முளைத்ததும் போகலாம். அதிகபட்சம் முதல் பிறந்தநாளுக்குள். அமெரிக்கக் குழந்தைகள் பல் மருத்துவ அகாடமி சொல்வதும் இதையேதான். ஒரு வயது ஆகியும் பல் வரவில்லை என்றாலும் போய்க் காட்டிவிடுவது நல்லது. சில குழந்தைகளுக்குப் பல் தாமதமாக வருவது இயல்புதான். ஆனால் அதை டாக்டர் பார்த்துச் சொன்னால் நமக்கும் நிம்மதி.

"வாயில் இருப்பதே நாலு பல், அதுவும் விழப்போகிற பல், இதற்கு டாக்டரா?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. பால் பற்கள் மொத்தம் 20. ஏறக்குறைய 6 மாதத்தில் கீழ் முன்பற்களில் தொடங்கி, இரண்டரை, மூன்று வயதுக்குள் எல்லாம் வந்துவிடும். முன்பற்கள் 6, 7 வயதில் விழும் என்பது உண்மைதான். ஆனால் பின்னால் இருக்கும் பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருந்தாக வேண்டும். அதுவரை மெல்லுவது அவற்றால்தான். அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதும் அவைதான். ஒரு பால் கடைவாய்ப் பல்லைச் சொத்தையால் முன்கூட்டியே இழந்தால், பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாய்ந்து வரும். புதுப் பல் கோணலாக முளைக்கும். வேர் வரை போன சீழ், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லையே பாதிக்கலாம்.

உங்கள் குழந்தைக்கு மூன்று, நான்கு வயது ஆகிவிட்டதா? தாமதமாகிவிட்டதே என்று வருந்திக்கொண்டிருக்காமல் இந்த மாதமே போங்கள். முறை அதேதான், குழந்தையிடம் பேசும் விதம் மட்டும் மாறும்.

உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

டாக்டரிடம் போகும் முன் நீங்களே ஒரு தடவை வாயைப் பார்த்துவிடுங்கள். குழந்தையை மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து, நல்ல வெளிச்சத்தில் மேல் உதட்டை விரலால் மெதுவாகத் தூக்குங்கள். ஈரத்தில் எல்லாப் பல்லும் பளபளவென்றுதான் தெரியும். சுத்தமான மெல்லிய துணியால் முன்பற்களைத் துடைத்துவிட்டு, பல்லும் ஈறும் சேரும் ஓரத்தைக் கவனியுங்கள். அங்கே ஈறின் வளைவை ஒட்டியே சாக்பீஸால் கோடு போட்டது போல, பளபளப்பில்லாத வெள்ளைக் கோடு தெரிகிறதா? அதுதான் சொத்தையின் முதல் அடையாளம். பல்லில் இன்னும் குழி விழவில்லை. தாது உப்புகள் கரையத் தொடங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். இந்தக் கட்டத்தில் பல்லை உறுதியாக்கும் தாதுவான ஃப்ளூரைடும் சுத்தமும் சேர்ந்தால் சரியாகிவிட வாய்ப்பு உண்டு. கோடு மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால், தொட்டால் சொரசொரவென்று இருந்தால், சிகிச்சை தேவைப்படலாம். தேதியைத் தள்ளிப்போட வேண்டாம்.

மேல் முன்பற்களை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புட்டிப் பால் குடித்தபடியே தூங்கிப்போகும் குழந்தைக்கு, பால் அந்தப் பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்கிறது. எச்சிலும் அங்கே நன்றாகச் சுரக்கிறது. தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடுவதால் மேலே தேங்கிய பாலைக் கழுவி விட ஆளில்லை. 'பால் தானே, இனிப்பு இல்லையே' என்று நினைக்க வேண்டாம். பாலிலும் சர்க்கரை இருக்கிறது.

இதோடு ஒரு விஷயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொத்தையை உண்டாக்கும் கிருமிகள், முக்கியமாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், பெரியவர்களின் எச்சில் வழியாகக் குழந்தைக்குப் போகின்றன. நாம் வாயில் வைத்துப் பார்த்த கரண்டியிலேயே ஊட்டுவதும், கீழே விழுந்த சூப்பானை நம் வாயில் வைத்துச் சுத்தம் செய்து கொடுப்பதும் அதற்கு வழி. அம்மா, அப்பா வாயில் கவனிக்காமல் விட்ட சொத்தை இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கான தயாரிப்பில் அதுவும் சேர்த்திதான்.

யாரிடம் போவது, எந்த நேரம் கேட்பது

குழந்தைகள் பல் மருத்துவம் தனிப் படிப்பு. அதைப் படித்தவர்களை பீடோடான்டிஸ்ட் என்பார்கள். அவர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் குழந்தைகளை அடிக்கடி பார்க்கும் பொறுமையான பல் டாக்டர் போதும். போன் பண்ணும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரு வயதுக் குழந்தையைப் பார்ப்பீர்களா? நான் கூடவே இருக்கலாமா? முதல் நாள் என்ன செய்வீர்கள்? "பல்லை எண்ணிப் பார்ப்போம், உங்களோடு பேசுவோம், தேவைப்பட்டால் ஃப்ளூரைடு தடவுவோம்" என்ற மாதிரி பதில் வந்தால் தைரியமாகப் போகலாம். "மூணு வயசுக்கு மேல கூட்டிட்டு வாங்க" என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூங்கி எழுந்து, பசியாறி, விளையாடும் மனநிலையில் இருக்கும் நேரத்துக்குத் தேதி கேளுங்கள். பல குழந்தைகளுக்கு அது காலைதான். தடுப்பூசி போட்ட அதே வாரத்தில் வேண்டாம். வெள்ளைக் கோட்டு போட்டவரைப் பார்த்தாலே அழுகை வந்துவிடும்.

வீட்டு ஒத்திகை

இது தவிர வேறு எதையும் செய்ய நேரமில்லை என்றால்கூட இதை மட்டும் செய்துவிடுங்கள். சின்னக் குழந்தையை டாக்டர்கள் பெரும்பாலும் நாற்காலியில் சாய்த்துப் பார்ப்பதில்லை. டாக்டரும் நீங்களும் எதிரெதிரே, முழங்கால்கள் ஒட்டும்படி உட்காருவீர்கள். குழந்தை உங்கள் மடியில், உங்களைப் பார்த்தபடி, இரண்டு காலையும் உங்கள் இடுப்பைச் சுற்றிப் போட்டு உட்காரும். அப்படியே மெதுவாகப் பின்னால் சாய்த்தால் தலை டாக்டரின் மடியில் போய் நிற்கும். அதன் இரண்டு கையையும் நீங்கள் பிடித்துக்கொள்வீர்கள். டாக்டருக்கு வாய் முழுக்கத் தெரியும். குழந்தைக்கு உங்கள் முகம் தெரியும்.

முன்பின் பழக்கமில்லாத குழந்தைக்கு இது பயம்தான். திடீரென்று தலை பின்னால் போகிறது, தலைமாட்டில் யாரோ. ஆனால் தினமும் பல் தேய்க்கும்போதே இப்படிப் படுத்துப் பழகிய குழந்தைக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆகவே இன்றைக்கே ஆரம்பியுங்கள். அம்மாவும் அப்பாவும், அல்லது அம்மாவும் பாட்டியும், முழங்கால் தொட உட்காருங்கள். ஒருவர் மடியில் உடம்பு, இன்னொருவர் மடியில் தலை. தலைமாட்டில் இருப்பவர் பிரஷ் பிடிக்கட்டும். முதல் நாள் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். மறுநாள் பல்லை "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று விரலால் தொட்டு எண்ணுங்கள். அப்புறம் பிரஷ். நாளுக்கு நாள் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். யார் தலையைப் பிடித்தாலும் குழந்தை சாதாரணமாகப் படுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆள் ஒருவர்தான் என்றால் படுக்கையில் உட்கார்ந்து குழந்தையின் தலையை உங்கள் மடியில் வைத்துக்கொண்டாலும் போதும்.

முதல் பல் வந்த நாளிலிருந்தே காலையிலும் இரவிலும் பிரஷ் செய்ய வேண்டும். மூன்று வயது வரை அரிசி மணி அளவும், மூன்றிலிருந்து ஆறு வயது வரை பட்டாணி அளவும் பேஸ்ட் போதும். ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட்டாக இருக்கட்டும். டியூப்பில் ஃப்ளூரைடு 1000 பிபிஎம் (ppm) என்ற அளவில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் படம் போட்ட சில பேஸ்ட்டுகளில் ஃப்ளூரைடே இருக்காது. முன்பக்கத்துப் படத்தைப் பார்த்து வாங்காமல் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள்.

மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு விளையாட்டே ஒத்திகை. ஒரு டார்ச், ஒரு சின்னக் கண்ணாடி, ஒரு பொம்மை போதும். பொம்மையின் பல்லை எண்ணட்டும், அப்புறம் உங்கள் பல்லை எண்ணட்டும். நீங்கள் வாயைத் திறந்துகொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பதை அது பார்க்க வேண்டும். அதன் பல்லை நீங்கள் எண்ணும் முறை வரும்போது, பத்து எண்ணும் வரை வாய் திறந்திருந்தால் போதும் என்று சொல்லி, பத்தில் கட்டாயம் நிறுத்திவிடுங்கள். சொன்னபடி நிறுத்துகிறார்கள் என்ற நம்பிக்கை வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வாயில் வரக் கூடாத வார்த்தைகள்

"வலிக்கவே வலிக்காது" என்று சொல்கிறோம். அதுவரை குழந்தை வலியைப் பற்றி நினைத்திருக்காது. அந்த வார்த்தைக்கு அப்புறம் அதையேதான் நினைக்கும். ஊசி, பிடுங்குவது, ரத்தம், டிரில் எல்லாம் அப்படித்தான். "அழாம இருந்தா பொம்மை வாங்கித் தரேன்" என்பதும் அதே வகை. அழ வேண்டிய ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்று நாமே தகவல் கொடுத்துவிடுகிறோம்.

எல்லாவற்றையும்விட மோசமானது மிரட்டல். "பிரஷ் பண்ணலேன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்." இதை வீட்டில் யாருமே சொல்லக் கூடாது. தாத்தா பாட்டி, பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தனக்குப் பல் பிடுங்கிய கதையைப் பெரியவர்கள் குழந்தை காதுபட விவரிப்பதும் வேண்டாம். அண்ணன், அக்கா இருந்தால் அவர்களுக்கும் இதைப் புரிய வையுங்கள். வழியில் காரிலோ பஸ்ஸிலோ ஒரு வார்த்தையில் கெடுத்துவிடக் கூடியவர்கள் அவர்கள்தான்.

சரி, என்னதான் சொல்வது? குறைவாக, உண்மையாக. "நாளைக்கு டாக்டர் ஆன்ட்டி உன் பல்லை எண்ணிப் பார்ப்பாங்க கண்ணா. சின்னக் கண்ணாடி வச்சிருப்பாங்க. அம்மா உன்கூடவே இருப்பேன்." போதும். ஒரு வயதுக் குழந்தைக்கு இதுகூட வேண்டாம். இரண்டு வயதுக் குழந்தைக்கு அன்று காலையில் சொன்னால் போதும், மூன்று நான்கு வயதில் முந்தைய நாள். ஒரு வாரம் முன்பே சொன்னால் ஒரு வாரம் யோசித்துக்கொண்டிருக்கும்.

"ஊசி போடுவாங்களா?" என்று அதுவே கேட்டால், மாட்டார்கள் என்று சத்தியம் செய்யாதீர்கள். டாக்டர் என்ன முடிவெடுப்பார் என்பது உங்கள் கையில் இல்லை. "நாளைக்கு எண்ணிப் பார்க்கத்தான் போறோம். வேற ஏதாவது செய்யணும்னா முதல்ல உன்கிட்ட சொல்லச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். சொன்ன பிறகு டாக்டரிடம் அதை மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கே பல் டாக்டர் என்றால் பயமா? குழந்தை உங்கள் கையின் நடுக்கத்தைக் கண்டுபிடித்துவிடும். வீட்டில் பதறாதவர் யாரோ அவர் அழைத்துப் போகட்டும்.

டாக்டருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டியவை

பிறவி இதயக் கோளாறு, ரத்தம் எளிதில் நிற்காத பிரச்சினை, ஆஸ்துமா, வலிப்பு, மருந்து ஒவ்வாமை ஆகியவை எதுவானாலும் தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். சில இதயக் கோளாறுகளில் ரத்தம் வரக்கூடிய பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியிருக்கும். தினமும் கொடுக்கும் மருந்துகளின் பெயரை எழுதி எடுத்துப் போங்கள். பல சிரப்புகளில் சர்க்கரை சேர்ந்திருக்கும். இரும்புச் சத்து சொட்டு மருந்து பல்லின் மேல் கறுப்பாகப் படியும். அந்தக் கறுப்பைச் சொத்தை என்று பயப்பட வேண்டாம், டாக்டர் சுத்தம் செய்துவிடுவார்.

ஆட்டிசம் உள்ள குழந்தை, சத்தமோ வெளிச்சமோ தொடுதலோ தாங்காத குழந்தை என்றால் இன்னொரு நாள் கூடுதலாக வேண்டும். கூட்டமில்லாத நேரத்தைக் கேட்டு வாங்கி, முதல் நாள் வரவேற்பறையில் சும்மா உட்கார்ந்துவிட்டுத் திரும்புங்கள். அந்த இடத்தின் போட்டோக்களை வீட்டில் காட்டுங்கள். விளக்கு வெளிச்சத்துக்குக் கூலிங் கிளாஸ், சத்தத்துக்குக் காது மூடி கொண்டு போகலாம். இதையெல்லாம் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கிளம்பும்போது வயிறு முட்ட ஊட்டாதீர்கள். படுக்க வைத்ததும் வாந்தி வரலாம். பிடித்த பொம்மை, துடைக்கத் துணி, மாற்று உடுப்பு போதும்.

உள்ளே என்ன நடக்கும்

முதலில் டாக்டர் உங்களோடு பேசுவார்: இரவில் பால் உண்டா, யார் பல் தேய்த்துவிடுகிறார்கள், விரல் சூப்புகிறதா என்று. குழந்தை அதற்குள் அறையைச் சுற்றிப் பார்த்துக்கொள்ளும். நல்ல டாக்டர் எதையும் 'சொல்லி, காட்டி, செய்து' என்ற வரிசையில்தான் செய்வார். அடெல்ஸ்டன் என்ற பல் மருத்துவர் 1959-இல் எழுதிய முறை இது. இன்றும் குழந்தைகள் பல் மருத்துவத்தின் அடிப்படை இதுதான். கண்ணாடியைக் காட்டி, அதைக் குழந்தையின் விரல் நகத்தில் தொட்டுக் காட்டி, அப்புறம்தான் வாய்க்குள் கொண்டு போவார்.

பரிசோதனை இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். சொத்தை அபாயம் இருப்பதாக டாக்டர் நினைத்தால் ஃப்ளூரைடு வார்னிஷ் தடவுவார். சின்ன பிரஷால் பெயின்ட் மாதிரி பூசுவதுதான். எச்சில் பட்டதும் இறுகிவிடும், ஊசியும் இல்லை, வலியும் இல்லை. பல் கொஞ்ச நேரம் மஞ்சளாகத் தெரியலாம். சில மணி நேரம் கடினமானதும் சூடானதும் வேண்டாம், அன்று இரவு பிரஷ் வேண்டுமா என்பதை டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும் சின்னக் குழந்தைக்கு எக்ஸ்ரே பொதுவாகத் தேவைப்படாது.

அழுமா? இரண்டு வயதுக் குழந்தை பெரும்பாலும் அழும். அதில் யாருடைய தோல்வியும் இல்லை. அந்த வயதுக்கு அது இயல்பு; அழும்போது வாயும் நன்றாகத் திறந்திருக்கும். அந்த நேரத்தில் உங்கள் வேலை இரண்டுதான்: கையைப் பிடித்துக்கொள்வது, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்வது. டாக்டர் பேசும்போது நீங்களும் பேசினால் குழந்தைக்கு யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாது. ஒரே குரல் போதும், அது டாக்டருடையதாக இருக்கட்டும். முடிந்ததும் உடனே தூக்கி அணைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அழுகை அதோடு நின்றுவிடும்.

சொத்தை இருக்கிறது, இன்றே செய்துவிடலாம் என்று டாக்டர் சொன்னால்? வீக்கம், காய்ச்சல், தூங்க விடாத வலி, அடிபட்ட பல் என்றால் தாமதிக்கவே கூடாது. அது இல்லையென்றால், "இன்னைக்குச் செய்யலேன்னா என்ன ஆகும் டாக்டர்? இன்னொரு நாள் வரலாமா?" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. முதல் நாள் நல்ல அனுபவத்தோடு முடிவது அடுத்த பத்து வருடத்துக்கு உதவும். சின்னச் சொத்தைகளை டிரில் இல்லாமல் நிறுத்தும் மருந்தும் இருக்கிறது. சில்வர் டையமைன் ஃப்ளூரைடு என்று பெயர். சொத்தைப் பகுதி நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு சம்மதம் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் கேட்க வேண்டியது

இரவுப் பாலை எப்படி நிறுத்துவது, பிரஷை எந்தக் கோணத்தில் பிடிப்பது, எங்கள் தண்ணீரில் ஃப்ளூரைடு எவ்வளவு இருக்கும், அடுத்த பல் எப்போது வரும் என்று மனதில் இருப்பதையெல்லாம் கேட்டுவிடுங்கள். பிரஷ் பிடிப்பதை அங்கேயே செய்து காட்டச் சொல்லுங்கள். வாயால் சொன்னதைவிட அது நினைவில் நிற்கும். பல் முளைக்கும் அரிப்புக்கு ஈறில் தடவும் மரத்துப்போகும் ஜெல்லைக் கேட்காமல் வாங்காதீர்கள். பென்சோகெயின் கலந்தவை இரண்டு வயதுக்குக் கீழே ஆபத்தானவை. பல் முளைப்பதால் கடும் காய்ச்சல் வராது என்பதையும் மனதில் வையுங்கள். அப்படிக் காய்ச்சல் அடித்தால் குழந்தை டாக்டரிடம் போங்கள்.

கீழே விழுந்து பல் கழன்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பால் பல் என்றால் திரும்பச் செருகக் கூடாது; அடியில் இருக்கும் நிரந்தரப் பல்லுக்குச் சேதம். அதே விபத்து ஏழெட்டு வயது அண்ணனுக்கு நடந்து, கழன்றது நிரந்தரப் பல் என்றால், வேரைத் தொடாமல் மேல் பகுதியைப் பிடித்து, அழுக்கிருந்தால் லேசாகக் கழுவி, உடனே அதன் இடத்திலேயே வைக்கப் பாருங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு ஓடுங்கள். நிமிடங்கள் முக்கியம்.

வெளியே வந்த பிறகு

"அழுதுட்டியே, அந்தப் பாப்பா பாரு அழவே இல்ல" என்று சொல்லாதீர்கள். நடந்ததில் நல்லதைத் தேடிப் பிடித்துச் சொல்லுங்கள்: "டாக்டர் எண்ணும்போது வாயை ஆன்னு பெருசா திறந்தியே, சூப்பர்!" அன்று மாலை பொம்மைக்குப் பல் எண்ணும் விளையாட்டை மறுபடி விளையாடினால், குழந்தை தனக்கு எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்பதைத் தானே காட்டிவிடும். கண்ணாடி பிடிக்கவில்லை, விளக்கு கண்ணைக் கூசியது என்று தெரிந்தால் அடுத்த முறை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடலாம்.

அடுத்த தேதியை அங்கேயே வாங்கிவிடுங்கள். வழக்கமாக 6 மாதம். வெள்ளைக் கோடோ சொத்தையோ இருந்தால் 3 மாதத்திலேயே வரச் சொல்வார்கள். அழுதது என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். நீண்ட இடைவெளி விட்டால் குழந்தைக்கு எல்லாமே மறுபடி புதிதாகிவிடும். நடுவில் உள்ள மாதங்களில் மடியில் படுக்க வைத்துப் பல் தேய்ப்பதைத் தொடருங்கள். தானாகவே பிரஷ் பிடிக்க ஆசைப்பட்டால் பிடிக்கட்டும். ஆனால் ஏழெட்டு வயது வரை கடைசியில் ஒரு சுற்று நீங்கள் தேய்த்துவிட வேண்டும்.